உண்ணும் ஓசை தாங்காதவர்கள்

சிலருக்குக் குறிப்பிட்ட சில ஒலிகள் காதில் விழுந்த நொடியிலேயே அடக்க முடியாத சினமும் அருவருப்பும் பொங்கி, நெஞ்சு படபடத்து, உடல் விறைத்து, அந்த இடத்தைவிட்டு எழுந்து போனால் போதும் என்ற தவிப்பு உண்டாகிறது. அந்த ஒலிகள் வெடிச் சத்தமோ ஒலிபெருக்கியின் அலறலோ அல்ல. பக்கத்தில் இருப்பவர் சோறு மெல்லும் ஓசை, ரசத்தை உறிஞ்சிக் குடிக்கும் ஓசை, மூக்கை உறிஞ்சும் ஓசை, தொண்டையைச் செருமும் ஓசை, பேனாவின் தலையைத் திரும்பத் திரும்ப அழுத்தும் ஓசை என, மற்றவர்கள் கேட்டும் கேளாமல் விட்டுவிடக்கூடிய மிகச் சிறிய ஓசைகளே அவை. மருத்துவ உலகம் மிசோஃபோனியா என்று அழைக்கும் இந்நிலையில் செவித்திறன் பழுதில்லாமல் இருக்கும். ஆனால் சில ஒலிகளை மட்டும் மூளை அச்சுறுத்தலாக எடுத்துக்கொண்டு, உடலையும் அதற்கேற்ப முடுக்கிவிடும். திமிர், அளவுக்கு மீறிய செல்லம், முன்கோபம், பெரியவர்களிடம் மரியாதையின்மை என்று வீடுகளில் காலங்காலமாகப் பெயர் சூட்டப்பட்டு வந்த இத்துன்பத்தை ஆய்வாளர்கள் தனியொரு நிலையாகப் பார்க்கத் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டுதான் ஆகிறது.

1990களின் இறுதியில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த செவித்திறன் வல்லுநர் மார்ஷா ஜான்சன், தம்மிடம் வந்த சிறுவர்களும் இளைஞர்களும் ஒரே மாதிரியான முறையீட்டைச் சொல்வதைக் கண்டு, குறிப்பிட்ட ஒலிகளுக்கு மட்டும் ஏற்படும் கூருணர்வு என்னும் பொருள்படும் ஒரு பெயரை அதற்கு வழங்கினார். பின்னர் 2001இல், அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தில் காதிரைச்சல் குறித்து ஆராய்ந்துவந்த மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் இணையர் மிசோஃபோனியா என்ற பெயரை முன்வைத்தனர். அதுவே இன்று நிலைத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனையொன்றின் மனநல மருத்துவர்கள் ஆர்யன் ஷ்ரோடர், நியென்கே வுலிங்க், டாமியான் டெனிஸ் ஆகியோர் 42 பேரை விரிவாக ஆராய்ந்து, இதைத் தனியொரு மனநலக் கோளாறாகக் கருதுவதற்கான வரையறைகளை 2013இல் வெளியிட்டார்கள். 2022இல் பல துறை வல்லுநர்கள் கூடி ஒரு பொது வரையறையை எட்டினார்கள். குறிப்பிட்ட ஒலிகளையோ அவற்றோடு தொடர்புடைய தூண்டல்களையோ தாங்கும் திறன் குறைந்துபோன ஒரு கோளாறு என்றும், ஒலியின் உரப்பைவிட அதன் வகையும் அது அந்த மனிதருக்கு என்ன பொருள் தருகிறது என்பதுமே இதில் முதன்மையானவை என்றும் அவர்கள் வகுத்தார்கள். ஆயினும் மனநல மருத்துவர்கள் கைக்கொள்ளும் அமெரிக்க வகைப்பாட்டு நூலிலோ, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பிலோ மிசோஃபோனியாவுக்கு இன்னும் தனி இடம் அளிக்கப்படவில்லை என்பதால், நன்கு படித்த மருத்துவர்களிலும் பலர் இதைக் கேள்விப்படாமலே இருக்க நேர்கிறது.

ஒலி தொடர்பான வேறு சில நிலைகளோடு இதைக் குழப்பிக்கொள்வது எளிது. குழப்பிக்கொண்டால் சிகிச்சையும் தடம் மாறிவிடும். ஹைப்பர்அக்யூசிஸ் என்னும் மிகையொலி உணர்வில் யார் எழுப்பினாலும் எந்த ஒலியும் சற்று உரக்க ஒலித்தாலே காது வலிக்கும் அளவுக்குத் தாங்க முடியாததாகிறது. ஃபோனோஃபோபியா எனப்படும் ஒலியச்சத்தில் மேலோங்கி நிற்பது பயம். டின்னிடஸ் என்னும் காதிரைச்சலிலோ வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோதும் காதுக்குள் இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்கும். மிசோஃபோனியா உள்ளவர் கோயில் திருவிழாவின் மேளத்தையோ பேருந்தின் ஹாரனையோ மற்றவர்களைப் போலவே பொறுத்துக்கொள்ளக்கூடும். அதே மனிதர் பக்கத்து இருக்கையில் ஒருவர் சூயிங்கம் மெல்லும் ஓசைக்கு நிலைகுலைந்துவிடுவார். இவற்றில் இரண்டு மூன்று நிலைகள் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு என்பதாலும், ஆட்டிசம் உள்ளவர்களிடம் காணப்படும் பரந்த புலன் கூருணர்வும் மேலோட்டமாகப் பார்த்தால் இதைப்போலவே தோன்றும் என்பதாலும், முறையான செவிப் பரிசோதனை முதற்படியாக அமைவது நல்லது.

இத்துன்பம் அரிதானது என்று நினைப்பதற்கும் இடமில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரியும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் இணைந்து, பிரித்தானிய மக்கள்தொகையைப் பிரதிநிதித்துவப்படுத்தும் வகையில் தேர்ந்த 772 பேரிடம் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 18 விழுக்காட்டினரிடம் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அறிகுறிகள் காணப்பட்டன. அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர்களோ அதைவிடக் குறைவு. அவ்வாய்வில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு செய்தியும் இருக்கிறது. பிறர் சப்புக் கொட்டித் தின்றால் எரிச்சல் அடைவது மிசோஃபோனியா இல்லாதவர்களுக்கும் உள்ளதுதான். மிசோஃபோனியா உள்ளவர்களைப் பிரித்துக் காட்டியது, அந்த ஒலியிடமிருந்து தப்ப வழியின்றி அகப்பட்டுக்கொண்டோம் என்ற கையறு உணர்வும், அப்படி உணர்கிற தம்மீதே அவர்கள் கொள்ளும் வெறுப்பும் ஆகும். இந்த ஆய்வில் பங்கேற்ற உளவியலாளர் ஜேன் கிரெகரி தாமும் மிசோஃபோனியாவோடு வாழ்பவர் என்பதை வெளிப்படையாகப் பேசியும் எழுதியும் வருகிறார். இந்தியாவிலும் மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மைசூர்ப் பல்கலைக்கழக மாணவர்களிடையே இதன் பரவலை ஆராய்ந்து 2022இல் வெளியிட்டிருக்கிறார்கள். எனவே இதை மேலைநாட்டு வசதிக்காரர்களின் நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

பெரும்பாலோரிடம் இது குழந்தைப் பருவத்தின் பிற்பகுதியிலோ பதின்பருவத்தின் தொடக்கத்திலோ தலைகாட்டுகிறது. அதற்கு முன்வரை எந்தச் சிக்கலும் இல்லாமல் குடும்பத்தோடு அமர்ந்து சாப்பிட்ட குழந்தைக்கு, ஒரு நாள் தந்தை அப்பளத்தை நொறுக்கும் ஓசையோ தாத்தா மெல்லும் ஓசையோ திடீரெனப் பொறுக்க முடியாததாகிறது. அன்றுமுதல் அந்த ஓசைக்காகக் காது காத்திருக்கத் தொடங்குகிறது. முதலில் ஒருவருடைய ஒரே ஓசையாக இருப்பது, ஆண்டுகள் செல்லச் செல்ல மற்றவர்களுக்கும் மற்ற ஓசைகளுக்கும் பரவக்கூடும். இதில் மிகவும் வேதனையளிப்பது, தூண்டும் ஒலியை எழுப்புபவர் பெரும்பாலும் அந்த மனிதருக்கு மிக நெருங்கியவராக இருப்பதே. முன்பின் தெரியாதவர் மெல்லும்போது ஓரளவு தாங்கிக்கொள்பவரால் பெற்ற தாய் மெல்லும்போது தாங்க முடிவதில்லை. தாயோ, பிள்ளைக்குத் தன்மேல் அன்பில்லை என்று எடுத்துக்கொள்கிறார். உண்மையில் அங்கே குறைந்திருப்பது அன்பு அல்ல. நாள்தோறும் பல ஆண்டுகளாக ஒரே கூரையின்கீழ் கேட்டுக் கேட்டு மிக ஆழமாகப் பதிந்துவிட்ட ஒலி அது என்பதே காரணமாக இருக்கக்கூடும்.

உடலில் என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்த்த தொடக்க கால ஆய்வுகளில் ஒன்றில் தமிழகத் தொடர்பும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியேகோவில் நரம்பியல் ஆய்வு நடத்திப் புகழ்பெற்ற வி.எஸ்.ராமச்சந்திரனின் ஆய்வுக்கூடத்தில், மிரென் எடெல்ஸ்டைன் முதன்மை ஆய்வாளராக இருந்து 2013இல் வெளியிட்ட கட்டுரை அது. தூண்டும் ஒலிகளைக் கேட்கும்போது தோலில் சுரக்கும் வியர்வையின் அளவால் மாறும் மின்கடத்தலை அவர்கள் பதிவு செய்தார்கள். அந்த அளவு விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ எளிதில் முடியாதது என்பதால், உடலின் கிளர்ச்சி நடிப்பல்ல என்பதற்கு அது சான்றாயிற்று. பாதிக்கப்பட்டவர்களோடு நடத்திய உரையாடல்களில் மேலும் சில கூறுகள் வெளிப்பட்டன. தாம் மெல்லும் ஓசை அவர்களைத் தொந்தரவு செய்வதில்லை. விலங்குகளும் கைக்குழந்தைகளும் எழுப்பும் அதே வகை ஓசைகளும் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. தூண்டும் ஓசையைத் தாமும் அப்படியே செய்துகாட்டினால் சிலருக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கிறது.

2017இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமார் தலைமையில் நடந்த ஆய்வு மூளைக்குள்ளேயே பார்த்தது. மிசோஃபோனியா உள்ள 20 பேரையும் இல்லாத 22 பேரையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து மூன்று வகை ஒலிகளைக் கேட்கச் செய்தார்கள்: மழை, நீர் கொதித்தல் போன்ற சாதாரண ஒலிகள்; குழந்தையின் அழுகை, அலறல் போன்ற யாருக்கும் பிடிக்காத ஒலிகள்; உண்ணுதல், மூச்சுவிடுதல் ஆகிய தூண்டும் ஒலிகள். முதலிரண்டு வகைகளுக்கும் இரு குழுவினரின் மூளையும் ஒன்றுபோலவே வினையாற்ற, மூன்றாம் வகைக்கு மட்டும் மிசோஃபோனியா உள்ளவர்களின் முன்பக்க இன்சுலா பகுதி அளவுக்கு மீறிக் கிளர்ந்தது. இதயத் துடிப்பும் கூடவே உயர்ந்தது. இன்சுலா என்பது உடலின் உள்நிலையைக் கவனித்துக்கொண்டே, புறத்தே வரும் எண்ணற்ற தூண்டல்களில் எதற்கு உடனே கவனம் தரவேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில் பங்குகொள்ளும் பகுதி ஆகும். அந்தத் தேர்வில், பக்கத்திலிருப்பவர் மெல்லும் ஓசை இங்கே முதலிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘கவனிக்காமல் விட்டுவிடு’ என்ற அறிவுரை ஏன் பலிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. விடுவதா பிடிப்பதா என்று தீர்மானிக்கும் இடத்திலேதான் கோளாறு இருக்கிறது.

அதே குழுவினர் 2021இல் வெளியிட்ட அடுத்த ஆய்வு, இத்துறையின் பார்வையையே சற்றுத் திருப்பியது. ஒலியைக் கேட்டறியும் மூளைப் பகுதி இரு குழுவினரிடமும் ஒரே மாதிரி இயங்கியது. வேறுபாடு தெரிந்தது வேறோர் இடத்தில்: கேட்கும் பகுதிக்கும், வாய், உதடு, தாடை, தொண்டை ஆகியவற்றை அசைப்பதற்கான இயக்கப் பகுதிக்கும் இடையிலான தொடர்பு மிசோஃபோனியா உள்ளவர்களிடம் வலுத்திருந்தது; பார்க்கும் பகுதியோடும் அந்த இயக்கப் பகுதிக்கு வலுவான தொடர்பு இருந்தது. எதிரே ஒருவர் மெல்லும்போது, கேட்பவருடைய மூளையில் அவருடைய சொந்த வாயை அசைக்கும் பகுதியே, அவர் விரும்பாமலே, தூண்டப்படுகிறது என்று ஆய்வாளர்கள் இதற்கு விளக்கம் தந்தார்கள். இப்படிப் பார்த்தால் அவர்களை வதைப்பது வெறும் ஓசை மட்டுமன்று. வேறொருவரின் செயல் தம் உடலுக்குள் அத்துமீறி நுழைவது போன்ற உணர்வும் சேர்ந்தே வதைக்கிறது. விரல் தட்டுதல் போன்று வாயோடு தொடர்பில்லாத ஓசைகளும் பலரைத் தூண்டுகின்றன என்பதை ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருப்பதால் இந்த விளக்கம் முழுமையானதன்று. எனினும் பார்ப்பவர்களுக்குப் பரிகாசமாகத் தோன்றுகிற, தூண்டும் ஓசையைத் தாமும் செய்துகாட்டும் செயலுக்கு இது பொருள் சொல்லிவிடுகிறது.

அந்தச் செயலைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். இரவு உணவின்போது தந்தை முறுக்கைக் கடிக்கிறார். எதிரே இருக்கும் 12 வயது மகள் தட்டைப் பார்த்தபடி, வாயில் எதுவும் இல்லாமலே தாடையை அவர் கடிக்கும் வேகத்துக்கே அசைக்கிறாள், அல்லது நாக்கால் அதே ஓசையை மெல்ல எழுப்புகிறாள். ‘அப்பாவைப் பழிச்சுக் காட்டுறியா?’ என்று அதட்டல் விழுகிறது. அவள் அழுதுகொண்டே எழுந்துபோகிறாள். சாப்பாட்டை அவமதித்தாள் என்ற குற்றமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அந்தப் பெண் செய்தது, தன் வாய்க்குள் தன் விருப்பமின்றி தொடங்கிவிட்ட அசைவைத் தானே முடித்துக் கொடுத்துக் கொஞ்சம் கட்டுப்பாட்டைத் திரும்பப் பெறும் முயற்சி. அது பரிகாசமன்று, தற்காப்பு. இந்த ஒரு செய்தி மட்டும் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தால் எத்தனையோ அடிகளும் ஏச்சுகளும் தவிர்க்கப்பட்டிருக்கும்.

சேர்ந்து உண்பதே உறவின் அடையாளம் என்று கருதும் சமூகங்களில், தமிழ்ச் சமூகமும் அவற்றில் ஒன்று, இந்நிலை கூடுதல் கடுமை பெறுகிறது. தனியே சாப்பிட விரும்பும் பிள்ளை குடும்பத்தைவிட்டு விலகுவதாகக் கருதப்படுகிறது. விருந்தினர் முன்னால் காதைப் பொத்திக்கொள்வது பெற்றோருக்குத் தலைகுனிவாகிறது. மணமாகிச் சென்ற வீட்டில் மாமனார் காபியை ஆற்றி உறிஞ்சிக் குடிக்கும் ஓசைக்கு எழுந்துபோகும் மருமகளின் நிலையைச் சொல்லவே வேண்டாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. தாம் வாயைத் திறந்தாலே பிள்ளையின் முகம் மாறுகிறது என்பதை உணர்ந்த பெற்றோர் தம் வீட்டிலேயே அச்சத்தோடு சாப்பிடுகிறார்கள். தாம் செய்த தவறு என்ன என்று தெரியாமல் குமைகிறார்கள். அவர்களும் துன்பப்படுபவர்களே, அவர்களிடமும் குற்றமில்லை. ‘வாயை மூடி மென்றால் போதாதா’ என்று உண்பவரைத் திருத்த முனைவது சிறிதளவே உதவும், ஏனெனில் எவ்வளவு நாகரிகமாக உண்டாலும் எழும் மெல்லிய ஓசையே பலருக்குத் தூண்டுதலாகப் போதுமானதாக இருக்கிறது. அதோடு, ஒவ்வொரு கவளத்தையும் கண்காணிக்கத் தொடங்கினால் ஓசைமீதான கவனம் இரு தரப்பிலும் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே நெறிப்படுத்த வேண்டியது யாருடைய நடத்தையையும் அன்று. வீட்டின் ஏற்பாட்டையே ஆகும். முதலாவதாக, இதைப் பற்றிப் பேசுவதற்குச் சாப்பாட்டு வேளையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அமைதியான வேறொரு நேரத்தில், ‘அம்மா, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல, அந்தச் சத்தம் கேட்டா என் உடம்பு பதறுது, என்னால அடக்க முடியல’ என்று பிள்ளை சொல்லவும், அதைப் பெற்றவர்கள் மறுக்காமல் கேட்கவும் வாய்ப்பு அமையவேண்டும். உணவு நேரத்தில் மின்விசிறியோ பாட்டோ ஓடிக்கொண்டிருந்தால் மெல்லும் ஓசை அதில் கரைந்துவிடும். முழு அமைதியான அறையில்தான் சிறிய ஓசைகள் பெரிதாகத் துருத்திக்கொண்டு தெரியும். காட்சியும் தூண்டுதலில் பங்குபெறுவதால், எதிரெதிரே அமராமல், பந்தியில் அமர்வதுபோல ஒரே வரிசையில் அமர்வது சிலருக்கு நன்மை தருகிறது. தாங்க முடியாதபோது காரணம் கேட்கப்படாமல் எழுந்துபோகலாம் என்ற உரிமையும், வாரத்தில் சில வேளைகள் தனியே சாப்பிடலாம் என்ற இசைவும் கிடைத்துவிட்டால், தப்ப வழியில்லை என்ற அச்சம் தணிகிறது. அந்த அச்சம் தணிந்தால் ஒலிகளைத் தாங்கும் ஆற்றலும் ஓரளவு கூடும் என்று எதிர்பார்க்கலாம். சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசையைச் சேர்ந்து நடப்பது, சேர்ந்து சமைப்பது போன்ற வேறு நேரங்களுக்கு மாற்றிக்கொள்வதில் எந்தக் குடும்பத்துக்கும் இழப்பில்லை.

காதடைப்பான்களும் ஹெட்ஃபோன்களும் பலருக்கு உயிர்நாடியாக இருக்கின்றன; பேருந்திலும் தேர்வு அறையிலும் அலுவலகத்திலும் அவற்றைப் பயன்படுத்துவதில் தவறே இல்லை. ஆனால் நாள் முழுவதும், அமைதியான இடத்திலும்கூட, காதை அடைத்தே வைத்திருப்பது வேறொரு சிக்கலுக்கு இட்டுச் செல்லக்கூடும். அமெரிக்காவில் கிரெய்க் ஃபார்ம்பி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், செவித்திறன் இயல்பாக இருந்தவர்கள் இரு வாரங்கள் தொடர்ந்து காதடைப்பான் அணிந்தபோது, சாதாரண ஒலிகளும் அவர்களுக்கு முன்னைவிட உரக்கத் தோன்றின; மெல்லிய பின்னணி இரைச்சலைத் தரும் கருவியை அணிந்தபோது அதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. அவர்கள் மிசோஃபோனியா உள்ளவர்கள் அல்லர் என்றாலும், காதை முற்றிலும் அடைப்பதைவிட மழை ஓசை, அருவி ஓசை போன்றவற்றை மெல்லிதாக ஒலிக்கவிடுவதே நீண்ட நேரத்துக்கு ஏற்றது என்று செவித்திறன் வல்லுநர்கள் பரிந்துரைப்பதற்கு அது வலுச்சேர்க்கிறது.

ஓசையோடு நில்லாமல், பிறருடைய சிறிய அசைவுகளைக் கண்டாலும் இதே கொதிப்பு எழுவது உண்டு. பக்கத்து நாற்காலியில் ஒருவர் ஓயாமல் காலாட்டிக்கொண்டிருப்பதைக் காணப் பொறுக்காத அந்நிலைக்கு மிசோகினீசியா என்று பெயர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 4,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் ஒருவர் அளவுக்கு இந்த உணர்வு ஏதேனும் ஒரு படியில் இருப்பதாகத் தெரியவந்தது.

பழகினால் சரியாகிவிடும் என்று எண்ணி, பிள்ளையை வலுக்கட்டாயமாக உட்காரவைத்து ஓசையைக் கேட்கச்செய்வது பல வீடுகளில் நடக்கிறது. சிலந்தியைக் கண்டு அஞ்சுபவரைப் படிப்படியாகச் சிலந்தியோடு பழக்குவது போன்ற முறைகள் அச்சத்துக்குப் பயன்பட்டிருக்கின்றன என்பதால் இந்த எண்ணம் இயல்பாகத் தோன்றலாம். ஆனால் மிசோஃபோனியாவில் மேலோங்கி நிற்பவை சினமும் அருவருப்பும் ஆகையால், தப்ப முடியாமல் ஓசையைத் தொடர்ந்து கேட்கநேர்ந்தால் வெறுப்பு தணிவதற்குப் பதில் இறுகிப்போகவும் கூடும் என்று பாதிக்கப்பட்டவர்கள் பலர் கூறுகிறார்கள். தேர்ந்த உளவியலாளரின் துணையின்றி இதை வீட்டில் செய்துபார்ப்பது கொடுமையே ஆகும்.

இதுவரை ஓரளவு உறுதியான சான்று கிடைத்திருப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குத்தான். எண்ணங்களுக்கும் உணர்வுகளுக்கும் செயல்களுக்கும் இடையிலுள்ள பிணைப்பை இனங்கண்டு, பயிற்சிகளால் அதை மாற்றியமைக்கும் உளவியல் சிகிச்சை இது; மருத்துவமனைகளில் சி.பி.டி. என்ற சுருக்கப் பெயரே வழங்குகிறது. ஆம்ஸ்டர்டாம் குழுவினர் இதை மிசோஃபோனியாவுக்கென்றே தகவமைத்தார்கள். தூண்டும் ஒலி கேட்கும்போது கவனத்தைக் கையிலுள்ள வேலைக்கு மீண்டும் மீண்டும் திருப்பும் பயிற்சி அதில் ஒன்று. வெறுக்கும் ஒலியை மனதுக்கு இனிய காட்சிகளோடு இணைத்துப் பார்த்துப் பழகுவது மற்றொன்று. அந்த ஒலியைக் கணினியில் பதிவுசெய்து, அதன் வேகத்தையும் சுருதியையும் தாமே மாற்றிப் பார்த்து, ஒலி தம்மை ஆள்வதற்கு மாறாகத் தாம் ஒலியை ஆள்வதாக உணரச்செய்வது இன்னொன்று. உடல் இறுக்கத்தைத் தளர்த்தும் பயிற்சிகளும் உடன் உண்டு. 90 பேரிடம் இம்முறையைக் கையாண்டு 2017இல் வெளியிட்ட முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அறிகுறிகள் குறைந்தன. பின்னர் 54 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மூன்று மாதம் குழுச் சிகிச்சை அளித்து, மறு பிரிவினரைக் காத்திருக்கவைத்து ஒப்பிட்ட சோதனையில், சிகிச்சை பெற்றவர்களில் 37 விழுக்காட்டினரிடம் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. காத்திருந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஓராண்டு கழிந்த பின்னரும் பலன் நீடித்தது. இந்த எண்களை நேர்மையாகப் படித்தால், அனைவருக்கும் பயன்படாத, ஆனால் முயன்று பார்க்கத் தகுந்த சிகிச்சை என்றே கொள்ளவேண்டும். முழுக் குணம் என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டியதில்லை.

ஒலிக்கு மூளை கொடுக்கும் பொருளை மாற்றினால் வெறுப்பும் மாறுமா என்று கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாக ஆய்வாளர்கள் சோதித்தபோது, தூண்டும் ஒலியோடு, அதே ஒலியை எழுப்பக்கூடியதாகத் தோன்றும் வேறொரு தொந்தரவற்ற காட்சியை இணைத்துக் காட்டினால் வெறுப்பின் அளவு குறைவதைக் கண்டார்கள்; நம்பிக்கையூட்டும் திசை இது. மிசோஃபோனியாவுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. உடனிருக்கும் பதற்றம், மனச்சோர்வு, எண்ணச் சுழற்சி போன்றவற்றுக்கு மருத்துவர் தரும் மருந்துகள் மறைமுகமாகச் சுமையைக் குறைக்கலாம்.

சிகிச்சைக்கு முன்பே, பெயர் தெரிந்துகொள்வதிலேயே பாதித் துன்பம் தணிந்ததாகச் சொல்பவர்கள் பலர். தன்னைக் கொடியவன் என்றும் நன்றியற்றவள் என்றும் எண்ணிப் பல ஆண்டுகள் மருகியவருக்கு, இதே ஓசைகளால் இதேபோலத் துடிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள் என்று தெரியவருவது சிறிய விடுதலையன்று. ஆரிகன் மாநிலத்தில் தொடங்கிய மிசோஃபோனியா சங்கம் ஆண்டுதோறும் மாநாடுகள் நடத்தி, பாதிக்கப்பட்டவர்களையும் ஆய்வாளர்களையும் ஒரே கூடத்தில் அமர்த்திவந்தது. அத்தகைய கூட்டங்களில் சூயிங்கம், நொறுக்குத்தீனி போன்றவற்றைத் தவிர்ப்பதே நாகரிகம். இத்தகைய துணைக்குழுக்களில் சேர்பவர்கள் ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளவேண்டும்: வெறுக்கும் ஒலிகளின் பட்டியலை ஒருவருக்கொருவர் ஓயாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தால் புதிய ஒலிகள்மீதும் கவனம் போய் ஒட்டிக்கொள்ளலாம், சமாளித்த வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் குழுவே நன்மை தரும்.

பள்ளியைப் பொறுத்தவரை, இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் மிசோஃபோனியா இடம்பெறாததால், சலுகையைச் சட்டத்தின் பெயரால் கேட்டுப் பெறுவது கடினம். எனினும் மூக்கை உறிஞ்சும் பக்கத்து மாணவரிடமிருந்து இடம் மாற்றித் தருவது, தேர்வின்போது காதடைப்பான் அணிய விடுவது, மதிய உணவை வகுப்பறைக்கு வெளியே மரத்தடியில் உண்ண விடுவது ஆகியவற்றுக்குச் சட்டம் எதுவும் தேவையில்லை, செலவும் இல்லை. உளவியலாளர் எழுதித் தரும் ஒரு கடிதம் தலைமையாசிரியரிடம் பேச உதவும். அலுவலகங்களிலும் இடம் மாற்றித் தருவதும் ஹெட்ஃபோனுக்கு இசைவளிப்பதும் மேலாளர் மனம் வைத்தால் முடிகிற காரியங்களே.

உதவி தேடுவோர் முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடமோ செவித்திறன் வல்லுநரிடமோ பரிசோதித்து, காதிரைச்சலோ மிகையொலி உணர்வோ இருக்கிறதா என்று தெளிவுபடுத்திக்கொண்டு, பின்னர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரை நாடுவது முறையாகும். அவர் மிசோஃபோனியாவை அறியாதவராக இருந்தாலும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் தேர்ந்தவராகவும், சொல்வதைச் சிரிக்காமல் கேட்பவராகவும் இருந்தால் போதும்; எந்த ஒலி, யார் எழுப்பியது, எங்கே, அப்போது உடலில் என்ன நடந்தது, பிறகு என்ன செய்தீர்கள் என்று சில வாரங்கள் எழுதிவைத்த குறிப்பேடு கையோடு இருந்தால் முதல் சந்திப்பே பயனுள்ளதாகிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. மைசூருவில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனமும் பெங்களூருவில் நிம்ஹான்ஸ் என்னும் தேசிய மனநல நிறுவனமும் இருக்கின்றன. ஒலியின் கொதிப்போடு தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் எண்ணமோ வாழ்வே வேண்டாம் என்ற எண்ணமோ எழுமானால் நாள் கடத்தாமல் அன்றே பேசிவிடுங்கள். இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.